கடைக்கண்

ஏழாம் நாள் காய்ச்சல் விட்டது.
தட்டணு ஏறிவிட்டது என்று
தெலுக் இந்தான் ஆஸ்பத்திரியில் தாதி சொன்னதும்
புவனேந்திரன் நண்டு சூப்புக்கு நன்றி சொன்னான்,
அவன் அக்காள் பப்பாளி இலைச் சாற்றுக்கு.
நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.
முள் இருந்தது, எண்கள் இருந்தன,
முள்கள் சேரும் இடம் இல்லை.

துடைக்கத் துடைக்கப் போகாத காப்பிக் கறை.
எதைப் பார்க்கிறேனோ அதன்மேல்
எனக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது.

ஈப்போவில் கண் டாக்டர்
கட்டம் போட்ட தாளை நீட்டினார்.
நடுப்புள்ளியையே பாருங்கள்.
எந்தப் புள்ளி என்றேன்.
பேனாவைக் கீழே வைத்தார்.

கொசு கடித்தது கணுக்காலில்.
விழித்திரையின் நடுமையம் வீங்கியிருக்கிறதாம்,
டிங்கியில் இது அபூர்வமாம்.
அபூர்வம் என்ற சொல்லை
நகைக்கடையில்தான் கேட்டிருக்கிறேன்.

பக்கத்து நாற்காலியில் பீடோர்ப் பையன்.
அவனுக்கும் டிங்கிதான், நரம்பில் இறங்கிவிட்டது.
பாதி முகம் சிரித்தது,
மறுபாதி வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தது.
எந்தப் பாதியிடம் பேசுவது?
சங்கடத்தில் அவன் காதைப் பார்த்தேன்.
அப்போதுதான் முகம் முழுதாக வந்தது.

லங்காப் செம்பனை ஆலை எடைமேடையில்
பதினோரு வருஷம் நான்.
லாரி ஏறும், எண் ஒளிரும், எழுதுவேன்.
திரும்பிப் போன முதல் நாள்
பதினெட்டாயிரத்துக்கும் அறுபதுக்கும் நடுவே
மழைமேகம்.
தங்கையா இறங்கிவந்து வாசித்தான்:
"பதினெட்டாயிரத்து நானூற்று அறுபது."

கூரைமேல் ஒரு மைனா.
அதைப் பார்த்தேன்.
கடன் கேட்க வந்தவன் மாதிரி
ஓரமாய் வந்து நின்றது எண்.
இரண்டு. நாலு இல்லை.

கடைக்கண்ணால் பார்ப்பதை
அம்மனுக்கும் காதலிகளுக்கும் என்று
விட்டுவைத்திருந்தேன் இத்தனை நாள்.

மைனாவை விடாமல், "இன்னொரு தடவை வாசி" என்றேன்.
இருமிக்கொண்டு சரியாக வாசித்தான்.
அவன் முகம் எப்படியிருந்தது, தெரியாது.
நேராகத்தான் பார்த்தேன்.

ராத்திரி புவனேந்திரன் கோபித்துக்கொள்கிறான்,
பேசும்போது முகத்தைப் பார்க்கமாட்டேனாம்.
உன்னைப் பார்க்கத்தான்
உன் தோளுக்குப் பின்னாலிருக்கும்
காஸ் தோம்பைப் பார்க்கிறேன் என்று
எப்படிச் சொல்ல?

ஐஸ்பெட்டிக் கதவில் அந்தக் கட்டத் தாள்.
பசியாறுமுன் ஒரு கண்ணைப் பொத்தி எண்ணவேண்டும்.
நேற்றுக் காணாமற்போனவை பதினொன்று.
இன்றைக்கு ஒன்பது.
இல்லையென்றால்
கொஞ்சம் சாய்ந்து எண்ணியிருப்பேன்.