விளக்குமாற்றின் நீளம்

என் கணவரை எழுப்ப
ஒரு விளக்குமாறு வைத்திருக்கிறேன்.
நீளக் கம்பு. கட்டிலடியில், என் பக்கம்.
வீடு பெருக்க வேறொன்று உண்டு.

கல்யாணமான மூன்றாம் வாரம்
தோளைத் தொட்டு எழுப்பினேன்.
கண் திறக்காமலே கழுத்தைப் பிடித்தார்.
காலையில் காப்பி ஊற்றும்போது
நான் சுற்றியிருந்த துணியைப் பார்த்து
குளிரா என்று கேட்டார்.
ஆமாம் என்றேன்.
ஜூலை மாதம்.

அப்புறம்தான் பழகினேன்:
கதவோரம் நின்று கம்பின் நுனியால்
உள்ளங்காலை மட்டும் தொட வேண்டும்.
ஃபிர்மீனு என்று கூப்பிடக் கூடாது.
அங்கே, கினியில், புகைக்குள்ளிருந்து
அப்படித்தான் ஒருவன் கூப்பிட்டானாம்.
அதனால் ஊர்ப் பெயரைச் சொல்வேன்,
கடைசிப் பேருந்தின் நடத்துநர் மாதிரி:
பெனிஷ், பெனிஷ்.

"தூங்கப் போகிறேன்" என்று
இந்த ஐம்பது வருடத்தில் அவர் சொன்னதில்லை.
கொஞ்சம் சாய்கிறேன் என்பார்.
பூட்டை இழுத்துப் பார்ப்பார்,
திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பார்.
இரண்டு மணிக்குக் கடற்சுவர் மேல் நடப்பார்.
மீன் ஏலக் கொட்டகையில் ஐஸ் உடைப்பவர்களுக்கு
அவர்தான் கடிகாரம்.
மகள் கைக்குழந்தையாக இருந்தபோது
அவள் சிணுங்கினாலே ஓடுவேன்.
பாலுக்காக அல்ல.

மாத்திரைகளும் வந்தன.
அவை அவரைத்தான் தூங்க வைத்தன,
கனவை அல்ல.
முன்பு பாதியில் எழுந்து தப்பித்தவர்
இப்போது முடிவு வரை பார்க்க வேண்டியதாயிற்று.

போன மாசி மாதக் குளிரில், லிஸ்பனில்,
மூக்கில் வளையம் போட்ட ஒரு டாக்டர் பெண்
பள்ளிக்கூட நோட்டு ஒன்றைக் கொடுத்தாள்.
கனவை எழுதுங்கள்,
எங்கே வேண்டுமானாலும் மாற்றுங்கள்,
படுக்குமுன் தினமும் படியுங்கள் என்றாள்.
நடந்ததை மாற்ற நான் என்ன
பத்திரிகைக்காரனா என்று கேட்டார் இவர்.
கனவைத்தானே, என்றாள் அவள்.

பதினோரு நாள் நோட்டு வெறுமையாகக் கிடந்தது.
பன்னிரண்டாம் நாள் அவர் கடற்சுவருக்குப் போனதும்
திருட்டுத்தனமாகத் திறந்தேன்.

செம்மண் பாதை.
இருபுறமும் முந்திரி மரங்கள்.
முன்னால் போகும் லாரியை அபீலியு ஓட்டுகிறான்.
வளைவுக்கு அந்தப் பக்கம், மண்ணுக்கு அடியில், அது.
அதை அவர் எடுத்துவிடவில்லை.
போரையும் எடுத்துவிடவில்லை.
வளைவுக்கு இருநூறு அடி முன்னால்
முன்சக்கரம் பஞ்சர்.
அவ்வளவுதான் மாற்றம்.

அபீலியு திட்டிக்கொண்டே இறங்குகிறான்.
மரத்தடியில் ஒன்றுக்குப் போகிறான்.
சிகரெட் கேட்கிறான், தீப்பெட்டியும் கேட்கிறான்.
ஜாக்கியைக் காணோம்.
சாக்குகளைப் புரட்டுகிறார்கள்,
பின்னால் வரும் லாரியில் விசாரிக்கிறார்கள்.
இரண்டு பக்கம் முழுக்க
ஜாக்கியைத் தேடுவதுதான்.
அது கிடைக்காமலே நோட்டு நிற்கிறது.

வியாழக்கிழமை இரவு சத்தம் கேட்டது.
விளக்குமாற்றோடு கதவோரம் நின்றேன்.
"ஜாக்கி எங்கேடா? எங்கே வெச்சே?"
அலறல் இல்லை, எரிச்சல்.
மூக்குக்கண்ணாடியைத் தொலைத்துவிட்டு
என்னிடம் கத்துவாரே, அந்தக் குரல்.

சீட்டுக்கு அடியில் பாருங்கள்
என்று வாயெடுத்தவள்
அப்படியே நிறுத்திக்கொண்டேன்.
கிடைத்துவிட்டால் சக்கரத்தை மாட்டிவிடுவார்கள்.
மாட்டிவிட்டால் கிளம்பிவிடுவார்கள்.
"இங்கே இல்லை" என்றேன்.
"நிதானமா தேடுங்க. அவசரமே இல்லை."

அன்று ஐந்து மணிவரை தூங்கினார்.
ஏலக் கொட்டகையில் விசாரித்தார்களாம்,
ஃபிர்மீனுவுக்கு உடம்புக்கு என்ன என்று.

காலையில் எங்கள் பழைய காரின் ஜாக்கியை எடுத்து
பக்கத்து வீட்டு கில்யெர்மீனாவிடம் கொடுத்தேன்.
எதற்கு என்றாள்.
உன்னிடமே இருக்கட்டும் என்றேன்.

வெள்ளிக்கிழமை பழைய கனவே வந்தது.
பஞ்சர் இல்லை. வளைவு வந்துவிட்டது.
கம்பை நீட்டி உள்ளங்காலைத் தொட்டேன்.
பெனிஷ், பெனிஷ்,
எல்லோரும் இறங்கலாம்.