வலது பின்சக்கரம்

மூன்று குளிர்காலமாய் எனக்கு மூக்கு இல்லை.
முகத்தில் இருக்கிறது, மூச்சும் வருகிறது.
ஒரு காய்ச்சல் வந்து போனபோது
வாசனையையும் கூடவே கூட்டிப்போய்விட்டது.
பயணிகளிடம் இதைச் சொல்வதில்லை.
சொன்னால் ஏறுவார்களா?

மார்துனியிலிருந்து எகெக்னாத்சோர்.
நடுவில் செலிம் கணவாய்.
என் பழைய நீவா, பின்னால் எரிவாயு சிலிண்டர்,
பக்கத்தில் ஒனிக், நகராட்சிக் கணக்கர்.
மடியில் ஒரு துணிப்பை.
கீழே வையுங்களேன் என்றேன்.
பரவாயில்லை என்று இன்னும் இறுக்கிக்கொண்டார்.

உச்சி தாண்டி, பழைய கல் சத்திரமும் தாண்டி
ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில்
ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். ஏற்றினார்.
மறுபடி இறக்கினார்.
உள்ளே பனி வந்து உட்கார்ந்தது.
"எதோ தீய்கிறது," என்றார்.

எப்படித் தீய்கிறது?
"தீய்கிற மாதிரி."

தீய்வதில் எத்தனையோ உண்டு, ஒனிக்.
பாகு அடிப்பிடித்த மாதிரி இனிப்பாகவா?
அப்படியென்றால் ரேடியேட்டர்.
"இல்லை."
பழைய எண்ணெய்ச் சட்டி?
"இல்லை."
பிளாஸ்டிக் பொசுங்கினால் தொண்டையில் ஒட்டுமே, அதுவா?
"ஒட்டவில்லை."
அழுகிய முட்டை?
இதைக் கேட்கும்போது என் குரல் தானாகத் தாழ்ந்தது.
சிலிண்டரை நாங்கள் இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.
"முட்டை இல்லை," என்றார், அதே தாழ்ந்த குரலில்.

பிறகு கண்ணை மூடினார்.
கணக்கர் அல்லவா, கடைசிக் காசு வரை எண்ணினார்:
"ஈரக் கம்பளிக் கோட்டின் மேல்
இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு
ஃபோன் பேசப் போனால் வருமே, அது முக்கால்.
தீக்குச்சி உரசினது கொஞ்சம்.
மிச்சம், நாக்கில் இரும்பு."

பிரேக்!

அப்போதுதான் உறைத்தது.
இவ்வளவு இறக்கத்தில்
வண்டி அவசரமே படாமல் இறங்கிக்கொண்டிருந்தது.
நான் அதை நல்ல குணம் என்று நினைத்திருந்தேன்.

இரண்டாம் கியரில் முனகவிட்டு
அகலமான ஓரம் ஒன்றில் நிறுத்தினேன்.
ஹேண்ட்பிரேக்கைத் தொடவில்லை.
முன்சக்கரத்துக்கு ஒரு கல்.
புறங்கையை நீட்டியபடி வண்டியைச் சுற்றினேன்:
குளிர். குளிர். வெதுவெதுப்பு.
வலது பின்சக்கரத்தில், ஒரு சாண் தள்ளியே
கை தானாகப் பின்வாங்கியது.
ஒனிக் இரு கை நிறையப் பனியோடு ஓடிவந்தார்.
ஐயோ, போடாதீர்கள், டிரம் விரிசல் விடும் என்றேன்.
பனியைக் கீழே போட மனமில்லாமல் அப்படியே நின்றார்.

நேற்றிரவு மார்துனியில் உறைபனி.
ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைத்துத் தூங்கியது நான்தான்.
காலையில் நெம்புகோல் இறங்கிவிட்டது.
துருப்பிடித்த கேபிள் இறங்கவில்லை.

ஆறட்டும் என்று அரைமணி காத்திருந்தோம்.
பிறகு மல்லாந்து வண்டிக்கடியில் நுழைந்து
சரிசெய்யும் நட்டைத் தளர்த்தினேன்.
பதிமூன்று சுற்று.
டிரம்மைச் சுத்தியலால் நாலு தட்டு,
ஐந்தாவது கோபத்தில்.
உள்ளே எதுவோ "டக்" என்று விட்டுக்கொடுத்தது.
ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தைக் கையால் சுழற்றினால்
சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

கையைத் துடைக்கும்போது ஒனிக் சொன்னார்:
"உச்சியிலிருந்தே அடித்தது.
என் பையில் பஸ்துர்மா இருக்கிறது, மச்சானுக்கு.
வெந்தயமும் பூண்டும்... அதுதானோ என்று
வெட்கமாகிவிட்டது.
ஏழு கிலோமீட்டர் வாயைத் திறக்கவில்லை."

நான் என்ன சொல்வேன்?
என் மூக்கின் கதையைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு
மடியிலிருந்த பையை எடுத்து
முதல் முறையாகக் காலடியில் வைத்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வளைவிலும்
நான் கேட்காமலே தலையை வெளியே நீட்டி
அறிக்கை தந்தார்:
"இல்லை."
"இல்லை."
"ஆட்டு மந்தை."
"இல்லை."

எகெக்னாத்சோரில் வண்டியைக் கியரில் விட்டு
சக்கரத்தடியில் ஒரு செங்கல் வைத்தேன்.
கூலியை எண்ணிக் கொடுத்தவர்
ஒரு துண்டு பஸ்துர்மாவை வெட்டி நீட்டினார்.
உப்பு தெரிந்தது. காரம் தெரிந்தது.
மற்றது எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.
தெருவில் நின்றபடியே
கண்ணை மூடிக்கொண்டார்.