கடைமடை

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்க என்றாள் சபூரா.
சுவரில் போன மழைக்காலம் ஒழுகிய கறை.
விரலைவிட மெல்லிய ஒரு குழாய்,
நுனியில் ஊதாத பலூன்,
மறுநுனி ஒரு சின்னத் திரைக்குப் போகிறது.
திரையில் ஒரு பச்சைக் கோடு.
"அதுதான் நீங்க" என்றாள்.
நாற்பத்தியொரு வயதில்
என்னை எனக்கு அறிமுகப்படுத்தியது இப்படித்தான்.

அதற்கு முன்னால்
கடுக்காய், விளக்கெண்ணெய், இசப்கோல்,
ராத்திரிக்கு ரெண்டு பூவன்பழம்,
கும்பகோணத்தில் ஒரு டாக்டர், மாயவரத்தில் ஒரு டாக்டர்.
உள்ளே விட்டுப் பார்த்த ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல்.
அந்த நார்மலை வைத்துக்கொண்டு
விடிகாலை நாலு மணிக்கு
முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பேன்.
வீட்டுக்காரர் கதவைத் தட்டி
"உள்ள என்ன, தறியா நெய்யற?" என்பார்.

"இறுக்குங்க."
கோடு ஏறியது. நல்ல மாணவி.
"விடுங்க."
ஏதோ கொஞ்சம் இறங்கியது.
"இப்ப வெளிக்குப் போற மாதிரி முக்குங்க."
முக்கினேன்.
கோடு கூரைக்குப் போயிற்று.
சபூரா திரையை என் பக்கம் திருப்பினாள்:
"பாத்தீங்களா? தள்ளுறப்பவே கதவையும் சாத்துறீங்க."

ஷட்டரைத் தூக்குறதா நினைச்சுக்குங்க,
கல்லணையில தூக்குவாங்களே, அப்படி.
நான் பிறந்தது தலைஞாயிறு பக்கம்.
மேலே ஷட்டர் தூக்கிய சேதி
எங்களுக்குப் பேப்பரில்தான் வரும்.
தண்ணீர் வர நாளாகும்,
வராமலும் போகும்.
சொன்னேன். சிரித்தாள்.
நானும் சிரித்தேன், கோடும் குலுங்கியது.

எங்கே பழகியது இந்தச் சாத்தல்?
ஜவுளிக்கடை, இரண்டாம் மாடி, பட்டுப் பிரிவு.
பத்தொன்பது வருஷம், நின்றபடி.
பெண்கள் கக்கூஸ் நாலாம் மாடியில், குடோனுக்குப் பின்னால்;
சாவி சூப்பர்வைசர் மேஜை டிராயரில்.
கேட்டால் கடிகாரத்தைப் பார்ப்பார்.
கேட்காமலிருக்கப் பழகினோம்.
தண்ணீர் குடிக்காமல் வேலைக்கு வரப் பழகினோம்.
முகூர்த்த மாசத்தில் வயிறு கூப்பிட்டால்
இருடி, இந்தம்மா ஒண்ணு எடுத்துரட்டும் என்று
சொல்லிச் சொல்லி
அது கூப்பிடுவதையே விட்டுவிட்டது.

மூன்றாம் வாரம்
கோடு மெல்லக் கீழே வந்துகொண்டிருந்தபோது
பைக்குள் போன் அடித்தது.
நான் அசையவில்லை. சத்தியமாக அசையவில்லை.
கோடு மட்டும் எகிறி நின்றது.
"யாரு?"
"கடை."
அடித்து ஓயும்வரை
ரெண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
லீவு லெட்டரில்
இடுப்புவலி என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

அதற்கப்புறம் அவள் அணைக்கட்டுப் பேச்சே எடுக்கவில்லை.
"தாடையை விடுங்க" என்றாள்.
தாடைக்கும் அதற்கும் என்ன?
விட்டேன்.
வாய் லேசாகத் திறந்தது, வயிறு முன்னால் வந்தது,
பச்சைக் கோடு என்னைக் கேட்காமல்
தன்பாட்டுக்குச் சரிந்தது.
அடுத்த வாரம்
ஐம்பது மில்லி தண்ணீர் அடைத்த பலூன்
ஓட்டை நாற்காலிக்குக் கீழே பொத்தென்று விழுந்தது.
இரண்டு பிள்ளை பெற்றவள் நான்,
இதற்கு ஒருத்தி கைதட்டுவாள் என்று நினைக்கவில்லை.

வீட்டில் பாதத்துக்கு அடியில் கவிழ்த்த பெயிண்ட் டப்பா.
நாலு நாள் சரி. ரெண்டு நாள் இல்லை.
இல்லாத நாளில் தாடையைத் தொட்டுப் பார்ப்பேன்,
கல் மாதிரி இருக்கும்.

ஆடித் தள்ளுபடி, முதல் ஞாயிறு.
குடவாசலிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கு
முப்பத்தெட்டாவது புடவையை விரித்துக்கொண்டிருந்தேன்.
கூப்பிட்டது.
ரொம்ப நாள் கழித்து, கூச்சத்தோடு, ஒரே ஒரு தரம்.
"ஒரு அஞ்சு நிமிஷம்மா" என்றேன்.
டிராயரை நானே இழுத்துச் சாவியை எடுத்தேன்.
சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
பன்னிரண்டு நாற்பது.

திரும்பி வந்தபோது
அந்தம்மா போயிருக்கவில்லை.
விரித்ததில் ஒன்றைத் தானே மடித்து வைத்திருந்தாள்,
ஜரிகை உள்பக்கமாக,
மடிப்பு தப்பாக.