புதன் ஏழரை

சங்கம் கூடும் நேரம் புதன்கிழமை ஏழரை.
"ஏழரையில ஆரம்பிச்சா எப்படிங்க வெளங்கும்?"
பதினோரு வருசமாக அதே நகைச்சுவையைச் சொல்கிறார்
ரிக் வண்டி வையாபுரி.
பதினோரு வருசமாகச் சிரிக்கிறோம்.

திருச்செங்கோட்டில் ஓட்டல் மாடி, ஏசி ஹால்.
கீழே கொத்துப் புரோட்டா தட்டும் சத்தம்,
மேலே தலைவர் மணியடிக்கும் சத்தம்.
எது எதுவென்று சில நாள் தெரியாது.

உறுப்பினர் நாற்பத்திரண்டு. வந்தவர் பதினேழு.
செயலாளர் நான். அச்சகம் வைத்திருக்கிறேன்.
எண்களில் பொய் சொல்ல மாட்டேன்.
பெயருக்கு முன்னால் போடும் பட்டங்கள் வேறு,
அவை வாடிக்கையாளர் கேட்பது.

பிந்தி வந்தால் பத்து ரூபாய்.
பழைய பிஸ்கட் டப்பா, மூடியில் ஒரு வெட்டு,
பல் டாக்டர் நல்லசிவத்தின் பொறுப்பு.
ஆளுநரே வந்தாலும் நீட்டுவார்.
"வாயைத் தொறங்க" என்கிற அதே குரலில்
"போடுங்க."

அன்றைய பொருள் குளிர்பெட்டி.
மூன்று வருசம் முன்பு நாங்கள் வாங்கியது.
இறந்தவர்க்கு இலவசம்,
பக்கவாட்டில் பெரிதாக எங்கள் பேர்.
கம்ப்ரஸர் வேலைக்குப் பதினாலாயிரம்.
"வாடகை போட்டறலாமுங்க," சைசிங் மில் சம்பூர்ணம்.
"செத்த ஊட்டுல பில்லு நீட்டறதுங்களா?" வையாபுரி.
அரை மணி நேரம்
அவரவர் தகப்பனை அதற்குள் கிடத்திப் பார்த்தபடி
ஆளாளுக்குப் பேசினார்கள்.

பெட்டியின் போன் அடித்தது.
அது என் சட்டைப் பையில்தான் இருக்கும்.
"அண்ணா, பெட்டி... ஐஸ் பெட்டி..."
விசைத்தறி லைன் வீட்டுப் பையன்.
தமிழ் பாதி, ஒடியா பாதி, நடுநடுவே தறி.
சித்தப்பா. நெஞ்சு. பாவு பிணைக்கும்போது.
ஊரிலிருந்து அப்பா ரயிலேறியாச்சு,
வந்துசேர ரெண்டு ராத்திரி.

பெட்டி முன்னாள் தலைவர் அர்த்தனாரி வீட்டில்.
உள்ளே அவர் அம்மா. மூன்றாம் நாள்.
பேரன் தோஹாவில் விமானம் மாறிக்கொண்டிருக்கிறான்,
நாளை மத்தியானம் எடுப்பு.
பெட்டி நாளைக்குக் கிடைத்துவிடும்.
இன்று ராத்திரி?

அர்த்தனாரிக்குப் போன் போடலாமா என்றார் ஒருவர்.
போட்டு என்ன கேட்பது என்றார் இன்னொருவர்.
தலைவர் கழுத்துப் பட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார்.
கோரம் இருந்தது. தீர்மானம் இல்லை.

"ஐஸ் கம்பெனி எத்தன மணிக்குங்க சாத்துவான்?"
எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத
கோழித்தீவன ஏஜென்ட் குழந்தைவேல்.

மிச்சம் நடவடிக்கைக் குறிப்பில் இல்லை.
வையாபுரியின் பிக்கப்பில் பன்னிரண்டு பார் ஐஸ்,
ரிக் வண்டியின் நீலத் தார்ப்பாய்,
சம்பூர்ணத்தின் மில்லிலிருந்து இரண்டு ஃபேன்.
ஒரு முனையை வெள்ளைச் சட்டையோடு நல்லசிவம் பிடிக்க
மறுமுனை நான்.
ஐஸ் விரலைக் கடித்தது. விடவும் முடியவில்லை.
நெட்டையான ஆள்,
பாதம் கட்டிலைத் தாண்டி நின்றது.
எழுதும் பழக்கத்தில் பேர் கேட்டேன்.
நிரஞ்சன்.
பக்கத்துக் கொட்டகையில் தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மணியடித்துக் கூட்டத்தை முடிக்க ஆளில்லை.
தேசிய கீதம் பாடவில்லை.
"இதயம் காப்போம்" என்று பேச வந்திருந்தவர்
தனியாக இரண்டு ரவா தோசை சாப்பிட்டுப் போனாராம்.

அடுத்த புதன். வந்தவர் பத்தொன்பது.
வையாபுரி ஏழரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
எட்டேகாலுக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு
இரண்டு பையன்கள்.
கையில் தார்ப்பாய், கழுவி, காயவைத்து,
புதுச்சேலை போல மடித்து.
ரசீது பார்த்துக்கொண்டிருந்த நல்லசிவம்
தலை நிமிராமலே டப்பாவை நீட்டிவிட்டார்.
நிமிர்வதற்குள்
சின்னவன் பையைத் துழாவி
பத்து ரூபாய் போட்டுவிட்டான்.

பதிவேட்டில் இப்படித்தான் இருக்கிறது:
பிந்தி வந்த உறுப்பினர் நால்வர்.
அபராத வரவு ரூபாய் ஐம்பது.
தணிக்கைக்கு வருகிறவர் கேட்பார். கேட்கட்டும்.
கம்ப்ரஸர் விசயம்
அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.