இரண்டு முத்துராக்கு

தலையாட்டினாள்.
தப்பு அங்கேதான் தொடங்கியது.
அவள் தப்பு இல்லை,
கேள்வியின் தப்பு.

மாலை ஆறே முக்கால்.
மண்டபம் ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு.
கச்சான் காற்று ஜன்னல் கொக்கியை
விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தது.
இட்லி வாளி வருவதற்குள்
பதினான்கு யூனிட் போட்டாக வேண்டும்.
குலுக்கக் கூடாது என்பதால்
இன்சுலின் குப்பியை
உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி உருட்டிக்
குளிர் போக்கினேன்.

கை கழுவியிருந்தேன்.
சிரிஞ்சில் குமிழி இல்லை.
மருந்து சரி. அளவு சரி. நேரம் சரி.
தோலுக்கடியில் என்பதும் சரி.
நான்கு சரிகள் தந்த தைரியத்தில்
"முத்துராக்குதானே?" என்றேன்.

பாசிக்கு மூழ்குகிறவர்களின் காது
பாதி கடலோடு போய்விடும்.
எதைக் கேட்டாலும் தலையாட்டினால்
கேட்டவர் நகர்ந்துவிடுவார் என்பது
அவள் கண்டுவைத்த வழி.
அவள் பெயரும் முத்துராக்குதான் என்பது
அந்த மாலையின் குறும்பு.

பதினொன்றில் ஒரு முத்துராக்கு,
பதினாலில் ஒரு முத்துராக்கு.
இருவருக்கும் வலது காலில் கட்டு.
ஒருத்திக்குச் சர்க்கரைப் புண்,
கருவாட்டுக் கொட்டகையில் நின்று நின்று
கட்டைவிரலை இழந்தவள்.
மற்றவளைத் தீவோரத்துப் பார் அறுத்திருந்தது.
மதியம் ஃபேன் நின்றதும்
ஆளை மாற்றிப் படுக்கவைத்தவர்கள்
கேஸ் ஷீட்டை மாற்றவில்லை.

கைப்பட்டை?
வீங்கிய மணிக்கட்டை இறுக்குகிறதென்று
கொட்டகைக்காரியின் பட்டையை வெட்டி
யாரோ கட்டில் கம்பியில் கட்டியிருந்தார்கள்.
கம்பிக்கு ஊசி என்றால்
ஒரு குழப்பமும் இல்லை.
இவளுக்குப் பட்டையே கட்டவில்லை.
ஸ்டாக் தீர்ந்திருந்தது.

சேலையை விலக்கி, கையைத் துடைத்து,
சதையைக் கிள்ளிப் பிடித்தபோது
ஏனோ முகத்தைப் பார்த்தேன்.
கண்ணைச் சுற்றி ஒரு வட்டம்.
முகக்கண்ணாடி வருஷக்கணக்காய் அழுத்தி
வெயில் தொடாமல் விட்ட தோல்.
கருவாடு காயப்போடுகிறவளுக்கு
இது எப்படி வந்தது?

ஊசி நின்றது.
வலது காதருகே குனிந்து
வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.
"உங்க பேரச் சொல்லுங்க! ஊரச் சொல்லுங்க!"

"முத்துராக்கு. சின்னப்பாலம்.
எதுக்குத் தாயி கத்துற?"

ஷீட்டில் தோப்புவலசை.

மூன்று கட்டில் தள்ளிப் போனேன்.
அங்கேயும் பெயர் கேட்டேன், ஊர் கேட்டேன்,
புருஷன் பெயரும் கேட்டேன்.
"கல்யாணம் பேசவா வந்திருக்க?" என்றாள்.
போட்டு முடித்த ஊசியை
மூடி மாட்டாமல் டப்பாவில் போட்டேன்.
அப்புறம்தான் விரல் நடுங்கியது.

"ஒண்ணும் ஆகலையே, விடுடி" என்றாள் ரிஸ்வானா.
உண்மை. ஒன்றும் ஆகவில்லை.
ஆகியிருந்தால்,
இரவு இரண்டு மணிக்கு
இவள் போர்வைக்குள் தொப்பலாக வேர்த்திருப்பாள்.
காய்ச்சல் விட்டதென்று
நான் சந்தோஷமாகக் குறித்திருப்பேன்.

நடக்காத ஒன்றை
எந்தப் பத்தியில் எழுதுவது?
நோட்டில் அதற்கு இடமில்லை.
ஓரத்தில் கோடு போட்டு எழுதினேன்:
கட்டில் எண்கள், நேரம்,
நான் கேட்ட கேள்வி, அப்படியே.
கீழே என் பெயர்.
மொ. ஜெனோவா, மூன்றாம் வருடம்.
இன்னொரு ஜெனோவா இருக்கக்கூடும் என்று
தங்கச்சிமடம் என்றும் சேர்த்தேன்.

காலையில் இரண்டு ஷீட்டிலும்
சிவப்பு மையில் ஊர்ப்பெயர் பெரிதாக இருந்தது.
யார் எழுதினார்கள் என்று தெரியவில்லை.
புண் கழுவத் தட்டோடு போனேன்.

"பேரச் சொல்லுங்க."

"நேத்துதானே சொன்னேன். மறந்துட்டியா?"

"மறந்துட்டேன். சொல்லுங்க."