வராத கோச்சிக்கு

மீசாலைக்கும் சங்கத்தானைக்கும் இடையில்
என் கடவை.
ஒரு தடி, ஒரு மணி, தகரக் கொட்டில், நாட்சம்பளம்.
கக்கூசு இல்லை.
ஜெயகௌரி வீட்டுப் பின்வளவுக்கு
ஒரே நாளில் பதினாலு தடவை ஓடியிருக்கிறேன்,
ஒரு காது தண்டவாளத்தில்.

இரத்தம் கண்ட அன்று ஒருவருக்கும் சொல்லவில்லை.
மூலமாக்கும் என்று
கத்தரிக்காயை விட்டேன், செத்தல் மிளகாயை விட்டேன்.
அது என்னை விடவில்லை.

பெரியாஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்த
டொக்டர் குகப்பிரியன்
“உங்கடை உடம்புக்குள்ளை ஒரு ஆமி இருக்கு”
எண்டு தொடங்கினார்.
“வேண்டாம் டொக்டர். வேறை ஏதும் சொல்லுங்கோ.”
பேனையை மூடினார். திறந்தார்.
“என்ன வேலை செய்யிறியள்?”

பிறகு விளங்கியது.
குடற்சுவரோரம் கோடிக் கிருமிகள்,
முக்கால்வாசி ஊராட்கள்,
முகம் பார்த்துப் பேசாமல் விடலாம்.
எப்போதோ ஒருமுறைதான் மணி.
ஒரு கலம் அடித்தால் சின்னப் புரதமொன்று
அடுத்த கலத்தின் கதவைத் தட்டும்:
சைட்டோகைன் என்று பெயர்.
தட்டு வாங்கியது தானும் அடிக்கும்.
கோச்சி போனதும் ஓயவேண்டும்.
“உங்களுக்கு ஓயேல்லை.
வராத கோச்சிக்கு மணி அடிச்சு அடிச்சு
வெள்ளைக் கலங்கள் வந்து குவிஞ்சு
சொந்தச் சுவரையே புண்ணாக்குதுகள்.”

“முதல் மணி ஆர் அடிச்சது?”
பரம்பரை, என்றார். சாப்பாடு. ஏதோ கிருமி.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு
“தெரியாது” என்றார்.
அந்தச் சொல்லுக்காகத்தான் கையெழுத்து வைத்தேன்.

எட்டுக் கிழமைக்கொருக்கா ஊசிமருந்து.
மணியை உடைக்காதாம்;
போகிற செய்தியை வழியில் பிடித்துக்கொள்ளுமாம்.
சளிநோய் இருக்கிறதா என்று முதலில் நெஞ்சைப் படமெடுத்தார்கள்:
மணி கேளாத நாளில்
உண்மையான கோச்சி வந்தால்?
அதற்கும் அவரிடம் முழுப் பதில் இல்லை.

கொழும்பிலிருந்து ஐஸ் பெட்டியில் வருகிறது அது,
இரவுக் கோச்சியில்,
என் கடவையைத் தாண்டி.
விடியப்புறம் நானே மணியடித்துத் தடியை இறக்குகிறேன்
எந்தப் பெட்டியில் என்று தெரியாமல்.

நேற்று ஐந்து தடவை.
ஜெயகௌரி எண்ணுவதை விட்டுவிட்டாள்,
கொழுக்கியையும் போடுவதில்லை.

இப்போது மணி அடிக்கிறது.
தடிக்குக் கீழால் மோட்டார்சைக்கிளைச் சரித்து
ஒரு பெடியன் நுழைகிறான்.
“எங்கையக்கா, ஒண்டையும் காணேல்லையே?”

பொறு தம்பி,
இது வரும்.