திருப்பி வைக்காமல்

கெயோன் துறைமுகத்தில் போன மார்ச்சில்
ஐம்பது அபாயப் பந்தங்களைக் கொளுத்திப் பார்த்தோம்.
சோதித்தால் சாம்பல்தான் மிஞ்சும்; வேறு வழியில்லை.
நான் படகின் சமையல்காரி. கணக்கும் என் தலையில்.
மாவு வாங்கிய ரசீதின் முதுகில்
குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு.
பழைய சரக்கு இருபது: எரிந்தது பன்னிரண்டு, எரியாதது எட்டு.
புதுச் சரக்கு முப்பது: எரிந்தது இருபத்தேழு, எரியாதது மூன்று.
ஓரத்தில் கூட்டினேன், மூலையில் ஐம்பது வந்தது.
நிக்கானோர் அதன்மேல் காபி சிந்தினான்.

ஆகஸ்டில், கோர்கொவாதோ வளைகுடாவில்,
எஞ்சின் அறைக்குள் தண்ணீர் ஏறியது.
ரேடியோ முதலில் செத்தது, அப்புறம் டார்ச்.
பையில் ஆறு பந்தங்கள்.
இரண்டு பழசு, நான்கு புதுசு, நானே அடுக்கியவை.
இருட்டில் கைக்கு எல்லாம் ஒரே தடிமன்,
ஒரே மெழுகு, ஒரே குளிர்.

முதலாவதை உரசினேன். ஒன்றுமில்லை.
ஹெரிபெர்த்தோ தன் நல்ல கெட்டவார்த்தை ஒன்றை
அதன்மேல் செலவழித்தார்.
"பையிலேயே போடு, காயட்டும்" என்றான் நிக்கானோர்.
போடவில்லை.
போட்டால் மறுபடி அதுவே கையில் ஏறும்,
ஏறியது அதுதான் என்று தெரியவும் தெரியாது.
வலது பூட்சுக்குள் செருகிக்கொண்டேன்.

எடுப்பதற்கு முன்
ஏமாறும் வாய்ப்பு நூற்றுக்கு இருபது.
ஏமாந்தாயிற்று. இனிக் கேள்வி வேறு:
எரியவில்லை என்றால், இது பழசா?
காபிக் கறைக்கு அடியில் எட்டும் மூன்றும் இருந்தன.
ஆனால் இந்தப் பை அந்தத் துறைமுகமல்ல.
பழசு பத்துக்கு நாலு படுக்கும்,
புதுசு பத்துக்கு ஒன்று.
ஈர்நான்கு எட்டு. நாலொண்ணு நாலு.
பன்னிரண்டில் எட்டு.
மூன்றில் இரண்டு பங்கு, பூட்சுக்குள் இருப்பது பழசு.
பழசு ஒன்று கழிந்தால் மிச்சப் பை கொஞ்சம் நல்ல பை.
விறைத்த விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தேன்:
பதினெட்டு.

இருபது பதினெட்டாயிற்று.
நூற்றில் இரண்டு.
அந்த நேரத்தில் கடல் வேறெதுவும் தரவில்லை,
வாங்கிக்கொண்டேன்.

இரண்டாவது எரிந்தது.
அந்தச் சிவப்பில்தான் தெரிந்தது
நிக்கானோர் வெகுநேரமாக அழுதுகொண்டிருந்தது.
யாரும் வரவில்லை.
பார்த்தவர் உண்டா இல்லையா என்பதற்கு
என் ரசீதில் கட்டம் கிடையாது.
மூன்றாவதும் வீணாக எரிந்தது.
நான்காவதை ஒரு சால்மன் படகு பார்த்தது.
மிச்சம் இரண்டும் பையோடு, பை படகோடு, அடியில்.

கரையில் பூட்சைக் கவிழ்த்தேன்.
தண்ணீர். ஒரு சாக்ஸ். பந்தம்.
மூடியின் உட்புறம் ஆண்டு அச்சாகியிருந்தது.
புதுசு.

அப்படியென்றால் பழசு இரண்டும் பைக்குள்ளேயே இருந்தன.
நான் பதினெட்டு என்று முனகியபோது
உள்ளே இருந்தது இருபத்திரண்டு.
இறங்கவே இல்லை, ஏறியிருந்தது.
"உன் கணக்கு பொய்" என்று சிரித்தார் ஹெரிபெர்த்தோ.
பொய்யில்லை.
மூன்றில் இரண்டு என்றவள் மிச்ச ஒன்றை மறுக்கவில்லையே,
அந்த ஒன்றுதான் என் பூட்சுக்குள் இருந்தது.
பதினெட்டை நம்பித்தான்
கை நடுங்காமல் அடுத்த மூடியைத் திருகினேன்.

ரசீதை விரித்தேன்.
புதுசு, எரியாதது: மூன்றை அடித்து நாலாக்கினேன்.
எரிந்த மூன்றின் மூடிகளும் கடலில்.
எதை எந்த வரிசையில் போட?
பென்சில் இன்னும் அங்கேதான் நிற்கிறது.